பெட்ரோல் டேங்கில் ஊற்றும் 'டானிக்'... பழைய கார் இளமையாகுமா?

பெட்ரோல் பங்க் வரிசையில் பதினைந்து வயது ஆல்டோ ஒன்று வந்து நிற்கிறது. டேங்க் மூடியைத் திறந்துகொண்டே பங்க் பையன் ஜன்னல் பக்கம் குனிகிறான். கையில் சின்னதாக ஒரு பாட்டில். "சார், இதை ஒண்ணு ஊத்திக்கங்க. பிக்கப் நல்லா இருக்கும், மைலேஜும் கூடும்."

ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் யோசிக்கிறார். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக இரண்டு மூன்று முறை சாவியைத் திருப்ப வேண்டியிருக்கிறது. சிக்னலில் நின்றால் இன்ஜின் லேசாக உதறுகிறது. மேம்பாலம் ஏறும்போது ஏசியை அணைத்தால்தான் இழுவை கிடைக்கிறது. மெக்கானிக்கிடம் விட்டால் எவ்வளவு ஆகுமோ என்று மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டாயிற்று. சில நூறு ரூபாய் பாட்டிலில் காரியம் முடியும் என்றால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? "சரி, ஊத்துப்பா" என்கிறார். "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்று பையன் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான்.

அந்தப் பாட்டில் என்ன செய்யும்? விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு எதுவும் நடக்காது. 'எல்லாம் ஏமாற்று' என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஒரே ஒரு வேலையை, சரியான இடத்தில், சரியான சரக்கு உருப்படியாகச் செய்யும். அந்த வேலை எது என்று தெரியாமல் ஊற்றினால்தான் காசு வீண். சில சமயம் காசோடு போகாத ஆபத்தும் உண்டு.

அழுக்கு சேரும் இடம்

பெட்ரோல் பார்க்கத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தாலும் சூட்டில் அது பிசினாக மாறும். கார் ஓடும்போது இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பாய்ந்துகொண்டே இருப்பதால் அந்த இடம் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும். சிக்கல், வண்டியை நிறுத்தி சாவியை எடுத்த பிறகுதான். இன்ஜினின் சூடு மேலே ஏறும். இன்ஜெக்டரின் மூக்கு நுனியில் தங்கிய ஒரு துளி பெட்ரோல் அங்கேயே காய்ந்து, வார்னிஷ் பூசியதுபோல ஒட்டிக்கொள்ளும். காலையில் பள்ளிக்கூடம், அப்புறம் காய்கறிக் கடை, சாயங்காலம் கோயில் என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வீட்டு வண்டிகளில் இது வேகமாகச் சேரும்.

இன்ஜெக்டரின் துளைகள் தலைமுடி தடிமனுக்குப் பக்கத்தில் இருக்கும் நுண்ணிய துளைகள். அதில் கொஞ்சம் படலம் படிந்தால் போதும், பனிபோலத் தூவ வேண்டிய பெட்ரோல் குழாயில் ஒழுகுவதுபோல விழும். இன்டேக் வால்வின் முதுகிலும் இதேபோல் கரி சேரும். விளைவு, உதறல், ஸ்டார்ட்டிங் தொல்லை, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி தயங்கிப் பிறகு கிளம்புவது.

1980-களில் அமெரிக்காவில் கார்ப்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்த சமயத்தில் இந்த அடைப்பு பெரும் புகாராக வெடித்தது. அப்போதுதான் பெட்ரோலில் கலக்கும் சுத்திகரிப்பு ரசாயனங்கள் மேல் எல்லோருடைய கவனமும் திரும்பியது. அவற்றில் பெயர் வாங்கியது பாலிஈதர் அமீன். சுருக்கமாக பி.இ.ஏ. துணி துவைக்கும் சோப்பு என்ன செய்கிறதோ, ஏறக்குறைய அதையே இது செய்கிறது. மூலக்கூறின் ஒரு முனை கரியைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை பெட்ரோலில் கரையும். பிய்ந்து வரும் கரி அப்படியே எரிந்து சைலன்ஸர் வழியாகப் போய்விடும். இதற்குத் தம்பி முறையில் இன்னொன்று உண்டு, பாலிஐசோபியூட்டிலீன் அமீன். விலை குறைவு. வால்வைச் சுத்தமாக வைத்திருக்கும். ஆனால், எரியும் அறைக்குள் தானே கொஞ்சம் கரியை விட்டுவிட்டுப் போகும் குணம் அதற்கு உண்டு.

சுத்திகரிப்பு ரசாயனம் நிஜமாகவே வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. 1995 முதல் அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் குறைந்தபட்ச அளவு சுத்திகரிப்பான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அது போதாது என்று 2004-ல் பி.எம்.டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா நிறுவனங்கள் சேர்ந்து 'டாப் டியர்' என்ற இன்னும் கடுமையான தரத்தைக் கொண்டுவந்தன. 2016-ல் அந்த நாட்டின் வாகன ஓட்டிகள் அமைப்பான ஏ.ஏ.ஏ. ஒரு சோதனை நடத்தியது. சுமார் 6,400 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமான அளவு இன்ஜின்களை ஓட்டிப் பிரித்துப் பார்த்தபோது, டாப் டியர் அல்லாத பெட்ரோலில் ஓடிய இன்ஜின்களின் வால்வில் சராசரியாக 19 மடங்கு அதிகக் கரி படிந்திருந்தது.

ஆக, டேங்கில் ஊற்றும் பாட்டில்களில் மதிக்கத்தக்க ரகம் இந்தச் சுத்திகரிப்பான்தான். நம் ஊரில் ஓடும் பழைய கார்களில் பெரும்பாலானவை எம்.பி.எஃப்.ஐ. ரகம். அவற்றில் இன்ஜெக்டர் தூவும் பெட்ரோல், இன்டேக் வால்வின் முதுகில் பட்டு உள்ளே போகும். அதனால் மருந்து வால்வையும் கழுவும். புதிதாக வரும் நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் பெட்ரோல் வால்வைத் தொடாமல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. அங்கே என்ன விலை பாட்டில் ஊற்றினாலும் வால்வு கரி போகாது. பழைய காருக்கு இப்படி ஒரு அதிர்ஷ்டம்.

பாட்டிலுக்கு எட்டாத நோய்கள்

கூட்டில் கரி இருந்தால் கழுவலாம். கூடே தேய்ந்திருந்தால்? ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜினில் பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்திருக்கும். இழுவை குறைய அதுவே போதும். எந்தத் திரவமும் தேய்ந்த இரும்பை வளர்க்காது.

சைலன்ஸர் புகையைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது காற்று போதவில்லை. கார்ப்பரேட்டர், ஏர் ஃபில்டர், சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு சீல் வேலை இருக்கிறது. இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். நீலத்துக்கும் வெள்ளைக்கும் பாட்டிலில் பதில் கிடையாது. புகைச் சான்றிதழ் எடுக்கப் போகும் காலையில் ஒரு பாட்டிலை ஊற்றிக்கொண்டு ஓடுபவர்களும் இருக்கிறார்கள். கழுவுகிற மருந்துக்கு வேலை செய்ய ஒரு டேங்க் பெட்ரோலாவது ஓடித் தீர வேண்டும். அரை மணி நேரத்தில் ஆவது எதுவும் இல்லை.

அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டியில் இருக்கும் சில எண்களைப் பழைய கார்க்காரர்கள் மனதில் குறித்துக்கொள்ளலாம். கெட்டுப்போன ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினால் மைலேஜ் 40 சதவிகிதம் வரைகூட உயரலாம். டியூனிங் தப்பிப்போன இன்ஜினைச் சரிசெய்தால் சராசரியாக 4 சதவிகிதம். கார்ப்பரேட்டர் வண்டியில் அடைத்துக் கிடக்கும் ஏர் ஃபில்டரை மாற்றினால் 2 முதல் 6 சதவிகிதம். டயரில் சரியான காற்று இருந்தால் சராசரியாக 0.6, சில வண்டிகளில் 3 சதவிகிதம் வரை. காற்றடிப்பதற்கு எத்தனையோ பங்க்குகளில் காசே வாங்குவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பெட்ரோல் மிச்சமாகும் என்று விளம்பரம் செய்த 100-க்கும் மேற்பட்ட கருவிகளையும் கலவைகளையும் பல வருடங்களாகப் பரிசோதித்திருக்கிறது. சொல்லிக்கொள்ளும்படி மைலேஜைக் கூட்டியது என்று ஒன்றையும் அது காட்டவில்லை. சில, இன்ஜினுக்கே கேடு செய்யக்கூடியவை.

பத்து சதவிகிதக் கணக்கு

வாய்க்கணக்காகவே பார்க்கலாம். 35 லிட்டர் டேங்க். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு ஃபுல் டேங்க் 3,500 ரூபாய். ஒவ்வொரு டேங்கிலும் 350 ரூபாய் பாட்டில் ஒன்றை ஊற்றினால் செலவு பத்து சதவிகிதம் கூடுகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டி 16.5 கொடுத்தால்தான் போட்ட காசே திரும்ப வரும். லாபம் என்ற பேச்சு அதற்கு மேல்தான். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் எந்த அடிட்டிவும் அவ்வளவு தராது.

அதே பாட்டிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஊற்றினால் கதை வேறு. அந்தத் தூரத்துக்கு ஆகும் பெட்ரோல் செலவு 33,000 ரூபாய்க்கு மேல். அதில் 350 என்பது ஒரு சதவிகிதம்தான். அழுக்கடைந்த இன்ஜின் என்றால் அந்த ஒரு சதவிகிதம் திரும்ப வர நியாயமான வாய்ப்பு இருக்கிறது. ஆகவே பங்க் பையன் ஒவ்வொரு முறையும் நீட்டினாலும் ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டிய பொருள் இது கிடையாது.

'நான் ஊத்தினேன், வித்தியாசம் தெரிஞ்சுது' என்று சத்தியம் செய்பவர்கள் நிறைய. பொய் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. காசு கொடுத்து மருந்து ஊற்றிய அன்று வண்டி ஓட்டுபவரின் கால் தானாகவே மென்மையாகிவிடும். மைலேஜ் பார்க்க வேண்டும் என்ற நினைப்பிலேயே நிதானமாக ஓட்டுவார். நிஜமாகத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஒரே பங்க்கில், துப்பாக்கி தானாக 'டக்' என்று நிற்கும்வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். மருந்து இல்லாமல் மூன்று டேங்க், மருந்துக்குப் பிறகு மூன்று டேங்க். ஒரே ஒரு டேங்க்கை வைத்துச் சொல்லும் மைலேஜ் கணக்கு, வரும் போகும் டிராஃபிக்கைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

அந்துருண்டையும் ஈயமும்

டேங்கில் எதையாவது போட்டு வண்டியைப் பறக்கவிடும் ஆசை நமக்குப் புதிதல்ல. 1996-ல் 'மூலிகை பெட்ரோல்' என்ற சொல் தமிழ்நாட்டின் எல்லா டீக்கடைகளிலும் அடிபட்டது பலருக்கு நினைவிருக்கும். அதற்கும் முன்பே, பீரோவில் துணிகளுக்கு இடையே வைக்கும் அந்துருண்டையை டேங்கில் போட்டால் வண்டி சீறும் என்று நம்பிய இளவட்டங்கள் உண்டு. அந்த நம்பிக்கையில் துளி உண்மை இருந்தது. அந்துருண்டை என்பது நாஃப்தலீன். அந்தக் காலத்து மட்டமான பெட்ரோலோடு ஒப்பிட்டால் அதற்கு ஆக்டேன் அதிகம். ஆனால், அது முழுதாகக் கரையாமல் படிகமாகத் திரும்பி ஜெட்டை அடைக்கும். இன்று கடையில் கிடைக்கும் உருண்டைகள் பலவற்றில் நாஃப்தலீனே கிடையாது. குளோரின் உள்ள வேறு ரசாயனம். எரிந்தால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பீரோவிலேயே இருக்கட்டும்.

ஆக்டேன் என்பதும் பலர் குழப்பிக்கொள்ளும் சொல். அது பெட்ரோலின் சக்தியைக் குறிப்பதல்ல. அழுத்தத்தில் நேரத்துக்கு முன்பே வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் பொறுமையைக் குறிப்பது. அந்தப் பொறுமை இல்லாத பெட்ரோலில் ஏற்றம் ஏறினால் 'டக்டக்' என்று இன்ஜின் தட்டும். இன்ஜின் தட்டவில்லை என்றால் அதற்கு மேல் ஆக்டேனைக் கூட்டி எந்தப் பிரயோஜனமும் இல்லை. 'ஆக்டேன் பூஸ்டர்' என்று எழுதிய பாட்டில்கள் பழைய வீட்டுக் கார்களுக்குப் பெரும்பாலும் வேண்டாத செலவு. அவற்றில் மாங்கனீசு சார்ந்த ரசாயனம் இருந்தால், ஸ்பார்க் பிளக்கின் நுனி செங்கல் நிறத்தில் படிந்துபோவதை மெக்கானிக் கழற்றியதும் காட்டுவார். சைலன்ஸரில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் அது நல்லதல்ல.

உலகெங்கும் விற்ற, வாக்குக் கொடுத்த வேலையை அச்சுப் பிசகாமல் செய்த எரிபொருள் அடிட்டிவ் ஒன்று உண்டு. ஈயம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்ற இன்ஜினீயர், இன்ஜின் தட்டுவதை நிறுத்த அயோடின் தொடங்கி எதையெதையோ கலந்து பார்த்துவிட்டு, 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சோதித்தார். தட்டல் நின்றது. 1923-ல் ஓஹையோ மாநிலத்தின் டேடன் நகரில் விற்பனை தொடங்கியது. மறு வருடமே நியூஜெர்சியில் அந்த ரசாயனத்தைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளிகள் புத்தி பேதலித்து இறந்தார்கள். பத்திரிகையாளர்கள் கூடியபோது மிட்ஜ்லி அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, மோந்தும் காட்டினார். அதற்கு முந்தைய வருடம்தான் ஈய நச்சு ஏறிய உடம்பைத் தேற்ற அவரே ஃப்ளோரிடாவுக்குப் போய் ஓய்வெடுத்திருந்தார் என்பதை அங்கே சொல்லவில்லை.

குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் அந்த ஈயப் புகை, உலகெங்கும் தெருத் தெருவாக அரை நூற்றாண்டுக்கு மேல் பரவியது. இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல்தான் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல். டேங்கில் ஊற்றுவது இன்ஜினோடு நிற்பதில்லை, சைலன்ஸர் வழியாக ஊர் மூச்சில் கலக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

ஈயத்தை எடுத்தபோது அம்பாசிடர், பத்மினி காலத்து இன்ஜின்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. வால்வு வந்து உட்காரும் இடத்தில் ஈயம் மெத்தைபோல ஒரு படலம் போட்டுவைத்திருந்தது. அது போனதும் அந்த இடம் தேயத் தொடங்கியது. இதற்கென்றே ஈயத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம், மாங்கனீசு கலந்த பாட்டில்கள் வெளிநாடுகளில் பழைய கார் பிரியர்களுக்காக விற்கப்பட்டன. நிரந்தரத் தீர்வு, ஹெட்டைக் கழற்றிக் கடினப்படுத்திய வால்வு சீட் போடுவது. விசேஷங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கும் பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் இதை ஒரு முறை செய்துவிட்டால் வாழ்நாளுக்கும் கவலையில்லை.

திரும்பி வந்த எத்தனால்

ஈயத்தைக் கண்டுபிடித்த அதே ஆராய்ச்சிக் குழு, ஆல்கஹால் கலந்தாலும் இன்ஜின் தட்டாது என்று 1921-லேயே சொல்லியிருந்தது. ஆனால், ஈயத்துக்குக் காப்புரிமை வாங்கலாம், கைப்பிடி அளவு கலந்தால் போதும். எத்தனாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். வியாபாரத்தில் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று ஒதுக்கப்பட்ட எத்தனால்தான் இன்று நம் ஊர் பங்க்குகளில் 'இ20' என்ற பெயரில் வந்து நிற்கிறது.

பெட்ரோலில் 10 சதவிகித எத்தனால் என்ற இலக்கை இந்தியா 2022-ல் தொட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவிகிதக் கலவை அறிமுகமாகி, 2025-ல் நாடு முழுக்க அதுவே வழக்கமானது. 'எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்கட்டும்' என்று கேட்டு ஒரு மனு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 செப்டம்பர் 1 அன்று அந்த மனு தள்ளுபடியானது. ஆக, 2010-ல் வாங்கிய வண்டியும் இதைத்தான் குடித்தாக வேண்டும். பாட்டில் விற்பனைக்கு இப்போது 'இ20 பாதுகாப்பு' என்ற புதுப் பெயர் கிடைத்திருப்பது இதனால்தான்.

ஒரு லிட்டர் எத்தனாலில், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவிகிதம் கலந்தால், கலக்காத பெட்ரோலைவிட 6 முதல் 7 சதவிகிதம் குறையும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையும், எத்தனாலுக்காக வடிவமைக்கப்படாத கார்களில் மைலேஜ் இழப்பு 6-7 சதவிகிதம் என்றே சொன்னது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் சொன்ன கணக்கு, பழைய வண்டிகளுக்கு 3 முதல் 6 சதவிகிதம். எந்தக் கணக்கை எடுத்தாலும், இது அழுக்கால் வந்த இழப்பு அல்ல. எரிபொருளிலேயே இல்லாத ஆற்றலைச் சில சொட்டு மருந்து எங்கிருந்து கொண்டுவரும்? 35 லிட்டருக்கு 100 மில்லி ஊற்றி, போன மைலேஜை மீட்டுத் தருகிறேன் என்று சொல்லும் லேபிளை மடித்துக் கீழே வைத்துவிடலாம். சேர்த்து ஒன்று, எத்தனால் கலந்ததால் இப்போதைய பெட்ரோலின் ஆக்டேன் ஏற்கெனவே 95-ஐத் தொட்டுவிட்டது. பூஸ்டர் பாட்டிலுக்கு இருந்த கொஞ்சநஞ்ச காரணமும் போயிற்று.

எத்தனால் பழைய வண்டிக்குச் செய்யும் காரியங்கள் வேறு சில உண்டு. அது நல்ல கரைப்பான். பத்து வருடமாக டேங்க் அடியில் படிந்த பிசினையும் துருவையும் கிளப்பிக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும். இ20 வந்த பிறகு திடீரென்று வண்டி திணறினால் முதலில் பார்க்க வேண்டியது ஃபியூயல் ஃபில்டர். அதன் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவையில் காற்று கூடியதுபோல ஆகும். இன்ஜெக்டர் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் அதை உணர்ந்து பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். மாருதி 800-இன் பழைய கார்ப்பரேட்டர் வண்டிக்கு அந்தப் புத்தி கிடையாது. மெக்கானிக் கையால்தான் டியூன் செய்ய வேண்டும். காலையில் சோக் போட்டும் கிளம்பாமல் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ஆசை. காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். தினமும் ஓடும் வண்டியில் இது பிரச்னையாகாது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் அப்பாவின் காரில் ஆகும். ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துப் பிரிந்து டேங்கின் அடிக்கு இறங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பெட்ரோல் பழசாகிப் பிசினாவதைத் தாமதப்படுத்தும் 'ஸ்டெபிலைசர்' வகை அடிட்டிவ்களும், உலோகம் துருப்பிடிப்பதைக் குறைக்கும் அரிப்புத் தடுப்பான்களும் உண்மையிலேயே இருக்கின்றன. நிறுத்திவைக்கும் முன் ஊற்றினால் பலன் உண்டு. ஆனால், ஒரு முறை பிரிந்து இறங்கிவிட்ட கலவையை எதுவும் மறுபடி சேர்க்காது. டேங்கைக் காலி செய்வது ஒன்றே வழி. அதைவிடச் சுலபம், வாரம் ஒரு முறை யாராவது எடுத்துப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவருவது.

ஊற்றுவதென்றால்

ஃபில்டர், பிளக், டயர் காற்று எல்லாம் பார்த்தாயிற்று. இன்னும் ஐடிலில் உதறுகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது. மெக்கானிக்கும் இன்ஜெக்டரில் அழுக்கு இருக்கலாம் என்கிறார். இப்போது பாட்டிலுக்கு வேலை இருக்கிறது. லேபிளில் பாலிஈதர் அமீன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. 'அதிசய ஃபார்முலா' என்று மட்டும் எழுதி, உள்ளே என்ன என்று மூச்சுவிடாத பாட்டில்களைத் தவிர்க்கலாம்.

டேங்க் கிட்டத்தட்ட காலியாக இருக்கும்போது மருந்தை முதலில் ஊற்றி, அதன் மேல் பெட்ரோலை நிரப்பினால் நன்றாகக் கலக்கும். எத்தனை லிட்டருக்கு எத்தனை மில்லி என்பதை மீறக் கூடாது. இரண்டு பாட்டில் ஊற்றினால் இரண்டு மடங்கு சுத்தமாகிவிடாது. அந்த டேங்க் பெட்ரோலை ஊருக்குள்ளேயே சுற்றித் தீர்க்காமல், விழுப்புரமோ திண்டுக்கல்லோ போகும் நீண்ட பயணத்தில் தீர்த்தால் பலன் அதிகம். இன்னொரு நுணுக்கம், பி.இ.ஏ.வின் ஒரு பகுதி ரிங் வழியாக நழுவி இன்ஜின் ஆயிலில் கலக்கும். அதனால் ஆயில் மாற்ற வேண்டிய தேதிக்குச் சற்று முன்னால் இதைச் செய்துவிட்டு, பிறகு ஆயில் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாக விற்கும் பிராண்டட் பெட்ரோல் வகைகளில் சுத்திகரிப்பு அடிட்டிவ் ஏற்கெனவே கலந்தே வரும். அவ்வப்போது அதை ஒரு டேங்க் போடுவதும் இதே வேலையை மெதுவாகச் செய்யும்.

இரண்டு டேங்க்குக்குப் பிறகும் உதறல் அப்படியே இருந்தால் மூன்றாவது பாட்டில் வாங்க வேண்டாம். இன்ஜெக்டரைக் கழற்றி, அல்ட்ராசானிக் மெஷினில் கழுவி, எல்லா இன்ஜெக்டரும் ஒரே அளவு தூவுகிறதா என்று கண்ணெதிரே காட்டும் ஒர்க்‌ஷாப்கள் பல ஊர்களிலும் வந்துவிட்டன. டீசல் காருக்கும் ஏறக்குறைய இதே நியாயம்தான். சுத்திகரிப்பான் இன்ஜெக்டருக்கு உதவும், தேய்ந்த பம்ப்புக்கு உதவாது. பெட்ரோல் பாட்டிலை டீசலிலோ டீசல் பாட்டிலைப் பெட்ரோலிலோ ஊற்றிவிடாமல் இருந்தால் சரி.

பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டிய இடம்

இத்தனையிலும் அவசரமானது ஒன்று இருக்கிறது. பழைய கார்களில் டேங்கிலிருந்து இன்ஜின் வரை பெட்ரோலைக் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ். பழைய ரக ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். கூடவே நம் ஊர் வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்துகொள்ளும். 'இ20 பாதுகாப்பு' பாட்டில் உலோகத்துக்குப் படலம் போடலாம். வெடித்த ரப்பரை அது ஒட்டாது. ஊற்றியாயிற்றே என்ற நிம்மதியில் யாரும் பானெட்டைத் திறந்து பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து. இன்ஜெக்டர் வண்டியில் பெட்ரோல் அழுத்தத்தோடு பாய்கிறது. ஊசிமுனை விரிசல் போதும், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீச்சியடிக்கும். பின்சீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

இன்ஜின் ஆறிய பிறகு ஹோஸை விரலால் லேசாக வளைத்துப் பார்க்க வேண்டும். மேலே பொடிப்பொடியாக விரிசல், தொட்டால் பிசுபிசுப்பு, க்ளாம்ப் பக்கத்தில் ஈரம், வண்டி நிற்கும் இடத்தில் பெட்ரோல் வாசனை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மாற்ற வேண்டும். மாற்றும்போது கடையில் கேட்டு வாங்க வேண்டிய பெயரும் இருக்கிறது. ஹோஸின் மேல் 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்று அச்சாகியிருக்க வேண்டும். இன்ஜெக்டர் வண்டியின் அழுத்தத்தையும் எத்தனாலையும் தாங்கும் உள் பூச்சுள்ள ரகம் அது. ஆர்6, ஆர்7 என்று இருப்பவை குறைந்த அழுத்தத்துக்கானவை, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. க்ளாம்ப்பையும் புதிதாகவே போடச் சொல்லுங்கள். மாற்றி முடித்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு, இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே பானெட்டை மூட வேண்டும்.